பதாகையில் இல்லாத பிள்ளைகள்

கேள்வி: எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு ரியூட்டரியின் (தனியார் வகுப்பு நிலையத்தின்) பதாகை தொங்குகிறது. "எம்மிடம் கற்ற 9 பேருக்கு மூன்று ஏ" என்று படங்களோடு போட்டிருக்கிறார்கள். மகளுக்கு அங்கே போக விருப்பமில்லை. இப்போது படிக்கிற இடமே விளங்குது என்கிறாள். மச்சாளோ, "பிள்ளையின்ர எதிர்காலத்தில உனக்கு அக்கறை இல்லையோ?" என்கிறா. என்ன சொல்லட்டும்?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, மச்சாள் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிக் கேட்கிறா. பிள்ளையில் அக்கறை உண்டோ என்பது ஒன்று, அந்த ரியூட்டரி நல்லதோ என்பது இன்னொன்று. "அக்கறை இருக்கு, அதாலதான் விசாரிக்கிறன்" என்று சொல்லிவிடுங்கள்.

இனிப் பதாகை. அங்கே எத்தனை பேர் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள்? 30 பேரில் ஒன்பது என்றால் நல்ல பெறுபேறு. 300 பேரில் என்றால் நூற்றுக்கு மூன்று. மிச்சம் 291 பிள்ளைகளும் அதே வாங்கில் இருந்து, அதே காசைக் கட்டியவர்கள். அவர்களுடைய படம் எந்த மதிலிலும் வராது. நேரே போய் எண்ணிக்கையைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் காசு கட்டாமல் திரும்புங்கள்.

ஒரே மாணவியின் படத்தை மூன்று பதாகைகளில் நான் பார்த்திருக்கிறேன். அதே இரட்டைப் பின்னல், அதே கழுத்துப்பட்டி. பின்னணி மட்டும் ஒன்றில் நீலம், மற்றதில் மஞ்சள். மூன்று இடமும் "எமது மாணவி" என்கின்றன. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரீச்சருக்குப் பதாகை இல்லை. விடியப்புறம் எழும்பிப் படித்த அந்தப் பிள்ளையின் உழைப்புக்கும் அதில் இடமில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆடி ஆவணியில் பழம் தானாகப் பழுத்து விழுவதை வளவிலேயே பார்த்து வளர்ந்த நாங்கள், இதில் மட்டும் காகத்துக்குப் பேர் கொடுக்கிறோம்.

இப்படியான பிழை வாதத்தை இனங்காணுவது எங்களுக்குப் புதிய அறிவும் இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்த துறவியான அறவண அடிகள் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று பிழையான வாதங்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் போலிகளைப் பாடமாக்குகிறார்கள். பரீட்சைக்கு எழுதிவிட்டு, சந்தியில் பதாகையைக் கண்டதும் மறந்துபோகிறோமே என்பதுதான் எனக்குக் கோபம்.

அதற்காக மகள் "விளங்குது" என்பதையும் அப்படியே எடுக்கவேண்டாம். கடந்தகால வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து மூன்று மணித்தியாலம் இருத்திப் பாருங்கள். எந்தப் பாடத்தில் தடக்குப்படுகிறாள் என்று தெரியவரும். அந்தப் பாடத்துக்கு ஆரிடம் அனுப்பலாம் என்பதை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.