சிவப்பு உறை, நீல உறை: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் பழைய வீடியோ பிளேயர்களைப் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் எச்டி டிவிடி, ப்ளூ-ரே பற்றிய கேள்விகள்தான் அதிகம். டிவிடிக்கு அடுத்து, இன்னும் துல்லியமான படங்களுக்காக ஒன்றோடொன்று போட்டி போட்ட இரண்டு டிஸ்க் வகைகள் இவை: சிவப்பு உறையில் வந்த எச்டி டிவிடி தோஷிபாவின் பக்கம், நீல உறையில் வந்த ப்ளூ-ரே சோனியின் பக்கம். இந்த மாதம் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அண்ணன் வீடு மாறும்போது ஒரு பெட்டி நிறையப் படங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் சிவப்பு உறை போட்ட எச்டி டிவிடி. என் ப்ளூ-ரே பிளேயர் எதையுமே படிக்க மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நீல லேசர்தான் என்கிறார்களே, பிறகு ஏன் ஓடவில்லை?

பதில்: லேசர் ஒன்றுதான். இரண்டுமே 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஊதா ஒளியைப் பயன்படுத்துகின்றன. டிவிடியின் சிவப்பு லேசருக்கு அது 650. சிக்கல் எங்கே என்றால், அந்த ஒளி எவ்வளவு ஆழத்தில் போய்க் குவிய வேண்டும் என்பதில்.

உங்கள் எச்டி டிவிடி ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு வட்டங்களை ஒட்டியிருப்பது நடுவில் ஒரு கோடாகத் தெரியும். தகவல் இருப்பது அந்த நடுப்பகுதியில். டிவிடியின் அமைப்பும் இதேதான். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. இவ்வளவு அருகில் இருப்பதால் கூர்மையான லென்ஸ் வைத்து ஒளிப்புள்ளியை இன்னும் சிறியதாக்க முடிந்தது. ப்ளூ-ரே லென்ஸின் ஒளி திரட்டும் திறன் 0.85, எச்டி டிவிடிக்கு 0.65. தடங்களுக்கு இடையிலான தூரமும் 0.32 மைக்ரோமீட்டர், 0.40 மைக்ரோமீட்டர் என்று மாறுகிறது. ஓர் அடுக்கில் ப்ளூ-ரே 25 ஜிபி பிடிப்பதும், எச்டி டிவிடி 15 ஜிபியோடு நிற்பதும் இதனால்தான். உங்கள் பிளேயரின் லென்ஸ் 0.1 மில்லிமீட்டரில் தேடுகிறது, தகவலோ 0.6-இல் இருக்கிறது. பிளேயரில் கோளாறு எதுவும் இல்லை.

எச்டி டிவிடியை உருவாக்கிய தோஷிபா, டிவிடியின் அமைப்பையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே டிவிடி அடித்துக்கொண்டிருந்த ஆலைகளைப் பெரிய செலவில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதாரண டிவிடி என்று ஒரே டிஸ்க்கில் இரண்டையும் கொடுக்கலாம். உங்கள் பெட்டியிலும் அப்படிச் சில இருக்கக்கூடும். டிஸ்க்கின் இருபுறமும் பளபளவென்று இருந்து, நடு ஓட்டையைச் சுற்றி மட்டும் சின்ன எழுத்து இருந்தால் அது அந்த வகை. திருப்பிப் போடுங்கள், டிவிடியாக ஓடும்.

மற்றவற்றுக்கு ஒரு பழைய எச்டி டிவிடி பிளேயர் வேண்டும். இல்லையென்றால், எக்ஸ்பாக்ஸ் 360 என்ற தன் விளையாட்டுக் கருவிக்காக மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் விற்ற தனி எச்டி டிவிடி டிரைவைத் தேடுங்கள். என்னிடம் இருப்பது அதுதான். பின்பக்கம் யுஎஸ்பி இணைப்பு இருக்கிறது, கணினியில் செருகினால் சாதாரண டிரைவ் போலவே ஏற்றுக்கொள்ளும். அதற்கென்று தனி மின் அடாப்டர் உண்டு. வாங்கும்போது அதையும் கேட்டு வாங்குங்கள். படம் ஓட்டும் மென்பொருளின் புதிய பதிப்புகள் எச்டி டிவிடியைக் கைவிட்டுவிட்டன, பழைய பதிப்புதான் உதவும்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அந்தக் காலத்து எச்டி டிவிடிகளில் சில, ஒட்டிய அடுக்கு உள்ளுக்குள் கெட்டு, படிக்க முடியாமல் போகின்றன. படம் ஒழுங்காக ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் உறையும். துடைத்துவிட்டுப் போட்டாலும் அதே இடத்தில் உறையும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. என் அலமாரியிலும் சில படங்கள் இப்படிப் போய்விட்டன, மிகவும் வருத்தமாக இருந்தது. ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். மனதுக்கு நெருக்கமான படங்களை ப்ளூ-ரேயில் மறுபடி வாங்கி வைத்துவிடுங்கள். பெரும்பாலானவை பிறகு அதில் வந்துவிட்டன.

கேள்வி: ப்ளூ-ரே ஜெயித்தது படம் தெளிவாக இருந்ததால்தானே?

பதில்: இல்லை. இரண்டிலும் படம் 1920-க்கு 1080 புள்ளிகள்தான். எம்பெக்-2, விசி-1, எச்.264 என்று சுருக்கும் முறைகளும் அதே மூன்றுதான். ஒரே படத்தின் இரண்டு டிஸ்க்குகளையும் இரண்டு கருவிகளில் போட்டு, டிவியின் உள்ளீட்டை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். முகத்தின் துளைகள், இருட்டுக் காட்சியின் நிழல், எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் சொன்னால், 2006-இல் முதலில் வந்த ப்ளூ-ரேக்களில் பல 25 ஜிபி ஓரடுக்கு டிஸ்க்கில் எம்பெக்-2 முறையில் அடிக்கப்பட்டவை. அவற்றைவிட அதே காலத்து எச்டி டிவிடி பார்க்க நன்றாகவே இருந்தது.

ப்ளூ-ரேக்கு இருந்த மேன்மை இடத்தின் தாராளம்தான். படத்துக்கு மட்டும் வினாடிக்கு 40 மெகாபிட் வரை கொடுக்கலாம். எச்டி டிவிடியில் உச்சம் 29.4. மூன்று மணி நேரப் படம், ஃபிலிமின் மணல் போன்ற பொடி தெரிகிற பழைய படம், கூடவே சுருக்கத்தில் எதுவும் இழக்காத ஒலித்தடம் என்று வரும்போது அந்த இடம் உதவும்.

எச்டி டிவிடி நேர்மையாக நடந்துகொண்ட ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நெட் இணைப்பு, படத்துக்குள் இன்னொரு சின்னப் படம் காட்டும் வசதி இரண்டையும் முதல் பிளேயரிலிருந்தே கட்டாயமாக்கினார்கள். ப்ளூ-ரேயில் இவை 1.0, 1.1, 2.0 என்ற விதிமுறைப் பதிப்புகளாகப் பின்னால் தவணை முறையில் வந்தன. அதிகப் பணம் கொடுத்து முதலில் வாங்கியவர்களுக்குப் பல பிளேயர்களில் அந்த வசதிகள் கிடைக்கவே இல்லை. ப்ளூ-ரே டிரைவோடு வந்த சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர்களுக்கு மட்டும் 2008-இல் மென்பொருள் புதுப்பிப்பிலேயே எல்லாம் வந்து சேர்ந்தது.

கேள்வி: அப்படியென்றால் எச்டி டிவிடி ஏன் தோற்றது? விலையும் குறைவுதானே?

பதில்: விலை பாதிதான். 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலருக்கு வந்தது. ஜூனில் சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். அந்தக் கோடையில் தோஷிபாவின் கைதான் ஓங்கியிருந்தது.

நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்ததும் கணக்கு மாறியது. விளையாட்டுக்காக அதை வாங்கிய ஒவ்வொருவர் வீட்டிலும், கேட்காமலேயே ஒரு ப்ளூ-ரே பிளேயர் வந்து உட்கார்ந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் எச்டி டிவிடி டிரைவோ தனியாக 199 டாலர் கொடுத்து வாங்க வேண்டிய துணைக்கருவி. அதில் விளையாட்டு எதுவும் வரவில்லை, படம் மட்டும்தான். படம் பார்க்கும் ஆசை ஏற்கெனவே இருந்தவர் மட்டுமே அதை வாங்கினார். போட்டி முடிவானது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. டிஸ்க் என்பது பாதிப் பொருள்தான். படிக்கிற டிரைவ் வீட்டில் இருந்தால்தான் அது முழுசாகிறது.

அப்புறம் நடந்தவை இதன் தொடர்ச்சி. 2007 ஆகஸ்டில் ஹாலிவுட் பட நிறுவனமான பாரமவுண்ட் எச்டி டிவிடிக்கு மட்டும் படம் தருவதாக அறிவித்தது. யூனிவர்சல் முதலிலிருந்தே அந்தப் பக்கம். அந்த நவம்பரில் அமெரிக்கக் கடைகளில் தோஷிபா பிளேயர் 100 டாலருக்கும் கீழே இறங்கியது. இருந்தும், அதுவரை இரண்டு வடிவத்திலும் படம் வெளியிட்டு வந்த வார்னர், 2008 ஜனவரி 4 அன்று இனி ப்ளூ-ரே மட்டும் என்று சொல்லிவிட்டது. லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சி தொடங்கவிருந்த நேரம். எச்டி டிவிடி குழு அங்கே நடத்தவிருந்த செய்தியாளர் கூட்டத்தை ரத்து செய்தது. பிப்ரவரியில் அமெரிக்கக் கடைச் சங்கிலியான வால்மார்ட்டும் எச்டி டிவிடியைக் கைவிட்டது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே தோஷிபா பெயரில் ப்ளூ-ரே பிளேயர் வந்தது.

இந்தக் கதையைப் பலர் நிறுவனங்களின் வெற்றி தோல்வியாக மட்டும் பேசுகிறார்கள். பண்டிகைக் காலத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசையாகப் பிளேயர் வாங்கி, இரண்டே மாதத்தில் புதுப்படம் வராது என்று கேள்விப்பட்ட குடும்பங்களைத்தான் நான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை.

கேள்வி: பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகள் ப்ளூ-ரேயில் வந்ததால் ஆடுபவர்களுக்கு நிஜமாகவே லாபம் இருந்ததா?

பதில்: இடத்தில் லாபம், வேகத்தில் நஷ்டம். 'ஃபைனல் ஃபேன்டசி 13' பிளேஸ்டேஷன் 3-இல் ஒரே ப்ளூ-ரே. எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று டிவிடி. நடுவில் எழுந்து போய் டிஸ்க் மாற்ற வேண்டும். ஆனால் பிளேஸ்டேஷன் 3-இன் டிரைவ் வினாடிக்கு சுமார் 9 மெகாபைட் வேகத்தில்தான் படிக்கும். எக்ஸ்பாக்ஸின் டிவிடி டிரைவ், டிஸ்க்கின் வெளி விளிம்பில் 16 மெகாபைட் வரை எட்டும். அதனால்தான் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகளில் பல, முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்ட பிறகே தொடங்கின.

இன்று நிலைமை வேறு. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்திலிருந்து விளையாட்டு முழுவதும் கன்சோலுக்குள் ஏறிவிடுகிறது. டிஸ்க் உள்ளே இருப்பது, அதை வைத்திருப்பவர் நீங்கள்தான் என்பதற்குச் சான்றாக மட்டுமே. சில விளையாட்டுகளில் டிஸ்க்கில் ஒரு பகுதிதான் இருக்கும், மீதியைப் பதிவிறக்க வேண்டும். பத்து வருடம் கழித்தும் எடுத்து ஆட வேண்டும் என்று வாங்குகிறவராக இருந்தால், இணையம் இல்லாமல் டிஸ்க்கிலிருந்தே முழுசாக ஓடுமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். உறையின் பின்பக்கப் பொடி எழுத்தில் பதிவிறக்கம் தேவை என்று போட்டிருந்தால், அது வேறு மாதிரியான பொருள்.

கேள்வி: ப்ளூ-ரேயில் கீறல் விழுந்துவிட்டது. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்கிறார் நண்பர்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். டிவிடியில் அந்த வைத்தியம் சில சமயம் பலித்ததற்குக் காரணம், தகவலுக்கு மேலே 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருந்தது. ப்ளூ-ரேயில் இருப்பது 0.1 மில்லிமீட்டர், அதன் மேல் கீறலைத் தாங்குவதற்கென்றே மெல்லிய கடினப் பூச்சு. பற்பசை அந்தப் பூச்சைத்தான் முதலில் அரிக்கும். மெருகேற்றும் இயந்திரத்தில் கொடுப்பதும் இதே கதைதான்.

மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றி வேண்டாம். தடத்தின் போக்கிலேயே ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறையத் தகவல் போய்விடும், பிளேயரின் பிழைதிருத்தம் அதை ஈடுகட்ட முடியாது. குறுக்கே விழுகிற கீறல் ஒவ்வொரு தடத்திலும் துளி இடத்தைத்தான் கெடுக்கும்.

கேள்வி: சோனி ப்ளூ-ரேயை நிறுத்திவிட்டதாகப் படித்தேன். இந்த நேரத்தில் 4கே டிஸ்க் பார்க்க கன்சோல் வாங்கலாமா, தனி பிளேயர் வாங்கலாமா?

பதில்: சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது, நாமே பதிவு செய்துகொள்ளும் வெற்று ப்ளூ-ரே டிஸ்க்குகளை. படங்களும் விளையாட்டுகளும் வரும் டிஸ்க் வேறு, அது தொடர்கிறது. ஆனால் பிளேயர் செய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது உண்மை. ஓப்போ 2018-இல் விலகியது. சாம்சங் அடுத்த ஆண்டு அமெரிக்காவில் புதிய பிளேயர்களை நிறுத்தியது.

4கே ப்ளூ-ரே 2016-இல் வந்தது, 100 ஜிபி வரை பிடிக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: பிளேஸ்டேஷன் 4 ப்ரோ 4கே விளையாட்டுக்கென்றே வந்த கன்சோல், ஆனால் 4கே டிஸ்க் அதில் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரீஸ் எக்ஸ் ஆகியவற்றில் டிரைவ் உள்ள மாடல்களில் ஓடும். சீரீஸ் எஸ்-இல் டிரைவே கிடையாது. பிளேஸ்டேஷன் 5-இல் டிரைவ் உள்ளதை வாங்க வேண்டும். ப்ரோ மாடலுக்கு டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும், முதல்முறை இணைக்க இணையமும் தேவை.

விளையாட்டும் வேண்டும் என்றால் கன்சோல் போதும். படம்தான் முக்கியம் என்றால் தனி பிளேயருக்கே என் ஓட்டு. டிஸ்க்கில் இருக்கும் டால்பி விஷன், அதாவது காட்சிக்கு ஏற்ப வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் முறை, இந்தக் கன்சோல்களில் வராது. அதை ஆதரிக்கும் தனி பிளேயர்கள் இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 5-இல் பழைய பாட்டு சிடிகளும் ஓடாது. பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்து பிளேயரை முதலில் வாங்குங்கள், டிஸ்க்குகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை, எந்த நாட்டில் வாங்கியதும் ஓடும். சாதாரண ப்ளூ-ரேக்கு மட்டும் உறையில் ஏ, பி, சி என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.