தெமெங்கோர் ஏரிக்கு முதல் பயணம்: கேட்டவர்களுக்குப் பதில்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் சில குடும்பங்கள் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறை உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து, வட பேராக்கில் உள்ள தெமெங்கோர் ஏரிக்குப் போய்ப் படகிலும் சுற்றிவரத் திட்டம் போடுகிறார்கள். எல்லாருக்கும் இதுதான் முதல் தடவை. நான் தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டியவன். அந்த ஏரிக்கு ஒன்பது வருடமாகப் போய்வருகிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்பில் தோட்டத்துத் தம்பி: காலை வேலை முடித்து மத்தியானம் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஏரியிலுள்ள பண்டிங் தீவுக்குப் போய்விடலாமா, அண்ணே?

அப்படிக் கிளம்பாதே தம்பி. வழியில் வரும் கோலகங்சாரிலிருந்து லெங்கோங் வழியாக கிரிக் சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து பண்டிங் தீவுக்கு இன்னும் ஏறக்குறைய 40. காரில் போகிற கணக்கு இந்த வண்டிக்கு ஆகாது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் அலமாரிக்குள் தட்டு உருளுகிற சத்தம் கேட்கும், கால் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். கிரிக் தாண்டினால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. இருட்டிய பிறகு அங்கே யானை ரோட்டுக்கு வரும். 2025 மே மாதம், விடிவதற்கு முன், அந்தச் சாலையில் லோரி மோதி ஒரு யானைக்குட்டி செத்துப்போனது. குட்டி லோரிக்கு அடியில் கிடக்க, தாய் லோரியில் தலையை முட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு என் பேத்தி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

காலை 6 மணிக்குக் கிளம்பு. கிரிக்கில் பசியாறிவிட்டு, எண்ணெய் முழுதாக ஊற்றிக்கொள். மத்தியானத்துக்குள் பண்டிங் சேர்ந்துவிடு. திரும்பும்போதும் வெளிச்சத்தில்தான்.

அதே தம்பி: கார் லைசன்ஸ் போதுமா?

காலி எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு டி லைசன்ஸ் (கார் லைசன்ஸ்) செல்லும். வாடகைக்கு விடுபவரிடம் எடையைக் கேட்டு, கிராண்டிலும் (வண்டிப் பதிவுப் பத்திரம்) பார்த்துக்கொள். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீரிங் பக்கத்தில் ஒட்டிவை. பெட்ரோல் கடைக் கூரையில் இடிப்பவர்கள் எல்லாரும் அந்த நேரம் உயரத்தை மறந்தவர்கள்தான்.

இறக்கத்தில் சின்ன கியர் போடு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடு. 2025 ஜூனில் இதே நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்துபோனார்கள். அந்த மலைச்சாலைக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

லிந்தாங் பக்கத்திலிருந்து ஓர் அக்கா: ஐந்து பேர், இரண்டு ராத்திரி. குளிக்க, சமைக்க வண்டித் தண்ணீர் தாங்குமா?

வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் 100 லிட்டர் தொட்டி முதல் ராத்திரியே காலி. அதை சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ என்பதும் நினைவிருக்கட்டும். புளிச்சோறும் நெத்திலி சம்பலும் வீட்டிலேயே கட்டிக்கொண்டால் முதல் நாள் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். வண்டி ஓடும்போது கேஸ் தோம்பு (சிலிண்டர்) மூடியிருக்க வேண்டும், அதைக் கிளம்பும் முன் நீங்களே கையால் திருகிப் பாருங்கள். கழிவறைத் தொட்டியை ஏரிக்கரையில் கொட்டவே கூடாது அக்கா. ஜஹாய், தெமியார் என்ற பூர்வகுடி மக்களின் கிராமங்கள் அந்தத் தண்ணீரை ஒட்டித்தான் இருக்கின்றன.

ஓர் ஆசிரியர்: படகை நாமே ஓட்டலாமா?

முதல் தடவை வேண்டாம் சார். 1970களில் பேராக் ஆற்றில் 127 மீட்டர் உயர அணை கட்டி, காட்டை மரத்தோடு மூழ்கவிட்ட ஏரி அது. பரப்பு சுமார் 15,200 ஹெக்டேர். பட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. வெளியே தலைகாட்டும் மரம் நல்லது, பார்த்து ஒதுங்கலாம். ஒரு சாண் அடியில் நிற்பதுதான் ஆபத்து. மூன்றாவது வருடம் நானும் மச்சானும் சின்னப் படகு எடுத்து நாங்களே ஓட்டினோம். ‘டக்’கென்று ஒரு சத்தம். மோட்டார் உறுமியது, படகு நகரவில்லை. மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால் விசிறியின் ஓர் இதழ் வெற்றிலை மாதிரி மடிந்திருந்தது. கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்த ஒரு ரூமா போட்காரர் (படகு வீடு ஓட்டுபவர்) கயிறு கட்டி இழுத்துவந்தார். அன்றிலிருந்து படகுத்துறையில் இருக்கும் உள்ளூர்ப் படகோட்டியோடுதான் போகிறேன். எந்த மரம் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே ஆசிரியர்: ரோயல் பெலும் உள்ளேயும் போக ஆசை.

2007இல் மாநிலப் பூங்காவாக அறிவித்த காடு அது, பெர்மிட் இல்லாமல் நுழைய முடியாது. படகு பதியும்போதே எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) விவரத்தையும் கொடுத்து, பெர்மிட்டையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஈவூட்டிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு ஆறு வயது. நீச்சல் தெரியாது. ஆண்டு இறுதி விடுமுறையில் கூட்டிப்போகலாமா?

நவம்பர், டிசம்பர் வேண்டாம் அம்மா. அது மழைக்காலம், ஏரியில் மரக்கட்டை மிதந்து வரும். பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். பெரியவர்களுக்கான உயிர்காப்பு ஜாக்கெட்டை இறுக்கிக்கட்டினால் பிள்ளைக்குச் சரியாகிவிடாது, தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். அவன் அளவில் ஒன்றை இங்கேயே வாங்கி, வீட்டில் போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அவனுக்குப் பெரிசு. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும். காலையிலேயே படகு ஏறுங்கள், இரண்டு மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். சாயங்காலம் மலைக்குப் பின்னாலிருந்து மழை இறங்கும்போது அவன் வண்டிக்குள் மைலோ குடித்துக்கொண்டிருக்கட்டும்.