பர்மாவை மன்னித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஊரில் வீடு இன்னும் பாகம் பிரியாமல் இருக்கிறது. அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) எப்போதோ போய்விட்டார். ஆத்தா இறந்த மறுவருடம், அவருடைய சீர்ச்சாமான்களை அண்ணன் ஒரே லாரியில் ஏற்றி விற்றுவிட்டார். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எனாமல் சட்டிகள், எல்லாம் போயிற்று. எங்கள் இருவருக்கும் உரியதை அவர் ஒருவரே விற்றார். கேட்டதற்கு, "சும்மாதானே கிடந்தது" என்றார். சில மாதம் கழித்து முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் ஆத்தாவின் பெயரெழுத்து வெட்டிய தூக்குச்சட்டியைப் பார்த்தேன். எழுத்துக்கு மேலேயே விலைச்சீட்டை ஒட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. தங்கை மதுரையில் இருக்கிறாள், அவள் இதில் எதுவும் சொல்வதில்லை.

இந்த வருடம், முன்னோருக்குப் பங்காளிகள் கூடிப் படையலிடும் படைப்புக்கு வந்தே ஆகவேண்டும் என்று பங்காளிகள் நெருக்குகிறார்கள். "மன்னித்துவிடு, உனக்குத்தான் நிம்மதி" என்கிறார்கள். நானும் முயன்றேன். தியான வகுப்புக்குக்கூடப் போனேன். கண்ணை மூடினால் அந்த விலைச்சீட்டுதான் வருகிறது. மன்னித்தால் நிம்மதி வரும் என்பது உண்மையா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களை மன்னிக்கச் சொல்பவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு முதலில் வேண்டியது அவர்களுடைய நிம்மதி. பந்தியில் அண்ணன் ஒரு கோடியிலும் தம்பி மறு கோடியிலும் உட்கார்ந்தால் பரிமாறுகிறவருக்கே சங்கடம்தான். அந்தச் சங்கடம் தீரவேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அதை உங்கள் மன அமைதிக்கான மருந்து என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பகை உடம்பைத் தின்கிறது என்பது உண்மை. 2001இல் அமெரிக்காவில் ஷார்லட் விட்வ்லீட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 71 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தனக்குத் தீங்கு செய்தவரை நினைத்து மனத்துக்குள் பழையதைக் கிளறச் சொன்னார்கள், பிறகு அதே ஆளை மன்னிப்பதாக நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கிளறியபோது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின, வியர்த்தது, புருவத் தசை இறுகியது. மன்னிப்பதாக நினைத்தபோது இவையெல்லாம் குறைவாக இருந்தன. அந்த விலைச்சீட்டு கண்ணில் வரும்போது உங்கள் புருவம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பலன் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதாலேயே அது கைக்கு வந்துவிடாது. எவரெட் வொர்திங்டன் என்று இன்னொரு உளவியலாளர். மன்னிப்பைப் பற்றி ஆராய்வதே அவர் வேலை. 1996 புத்தாண்டையொட்டி, டென்னசியில் தனியாக இருந்த அவருடைய தாயைத் திருட வந்தவன் கொன்றுவிட்டான். அவர் தன் ஆய்வில் மன்னிப்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார். இனி பழிவாங்கப் போவதில்லை, அந்த ஆளை மனிதனாக நடத்துவேன் என்று தீர்மானிப்பது ஒன்று. உள்ளே இருக்கிற கசப்பு வடிவது இன்னொன்று. முதலாவது ஒரே நாளில் நடக்கலாம். இரண்டாவது தன் வேகத்தில்தான் வரும், சில சமயம் பாதியில் நின்றும் போகும். நீங்கள் இரண்டாவதை எதிர்பார்த்துக்கொண்டு தியான வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலாவதை இன்னும் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

ஏன் செய்ய முடியவில்லை? இதற்கு நம் ஊரிலேயே ஒரு விசித்திரம் பார்த்திருக்கிறேன். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்டக் கால்பங்கு நிலம், அங்கே வட்டிக்கடை வைத்திருந்த நம் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம்தான் அதில் மிகுதி. (அந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயியும் யாரையோ மன்னிக்க வேண்டியிருந்திருக்கும். அதை நாம் அதிகம் பேசுவதில்லை.) 1942இல் ஜப்பான் வந்தது, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது, 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு மிச்சமும் போயிற்று.

எங்கள் தெருவில் ஒரு ஐயா இருந்தார். பர்மாவில் நெல்வயல் விட்டுவந்தவர். பத்திரமெல்லாம் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் "போச்சு போ" என்று சிரிப்பார். பர்மாக்காரர்களைப் பற்றி ஒரு கடுஞ்சொல் வராது. மௌல்மீன் சந்தை, அங்கே சாப்பிட்டது, அங்கே பழகியவர்கள் என்று மகிழ்ந்து பேசுவார். அதே ஐயா தன் சொந்தத் தம்பியோடு, இரண்டாங்கட்டில் ஓர் அறைச் சாவிக்காக, சாகும்வரை பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வீடு, கல்யாணமானதும் வேறு வைத்ததால் அடுப்பு மட்டும் தனித்தனி. வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு போவார்கள். தூணும் பர்மாத் தேக்குதான்!

பர்மாவை மன்னித்தவருக்குத் தம்பியை மன்னிக்க முடியவில்லை. ரங்கூனில் இருந்த சர்க்கார் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கூடப்பிறந்தவன் கேட்பான் என்று எதிர்பார்க்கிறோம். லாரி வருவதற்கு முன்னால் உங்கள் அண்ணன் ஒரு போன் பண்ணியிருந்தால், "சரி, வித்துருங்க, அந்தத் தூக்குச்சட்டியை மட்டும் எடுத்து வைங்க" என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள், இல்லையா? அந்த ஒரு போன்தான் பாக்கி. அது இனி வரப்போவதில்லை.

வராத பாக்கியை என்ன செய்வது என்று நம் கடைக் கணக்கில் வழி உண்டு. வராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். ஏட்டைக் கிழிக்க மாட்டார்கள், ஆனால் தினமும் ஆள் அனுப்பிக் கேட்கவும் மாட்டார்கள். அந்தப் பேர்வழிக்கு மறுபடி கடன் கொடுப்பதா என்பது தனிப் பேச்சு. மன்னிப்பதென்றால் அண்ணனை மறுபடி முழுதாக நம்ப வேண்டும், பழையபடி உறவாட வேண்டும் என்று உங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் நிற்கும் மெய்ப்பொருள் நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன் சிவனடியார் வேடத்தில், சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து குத்தினான். பாய்ந்து வந்த காவலன் தத்தனை, "தத்தா, நமர்" (நம்மவர்) என்று அரசர் தடுத்தார். இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. அவனை ஊர் எல்லை தாண்டிப் பத்திரமாக விட்டுவிட்டு வா என்றார். தத்தன் திரும்பி வந்து, விட்டாயிற்று என்று சொன்ன பிறகுதான் உயிரை விட்டார். குத்தியவனைக் கொல்லவிடவில்லை, அரண்மனையில் இருக்கச் சொல்லவும் இல்லை. எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். மன்னிப்புக்கு இவ்வளவு இடம் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே படைப்புக்குப் போவதென்றால் போங்கள். கும்பிடுங்கள், அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) வாங்க என்றால் வாங்க என்று சொல்லுங்கள், சாப்பிட்டுக் கிளம்புங்கள். சாமான் கணக்கை அங்கே எடுக்க வேண்டாம். வீட்டுக்குப் பாகப்பத்திரம் எழுதும் நாள் ஒன்று வரும், அன்றைக்குக் கூச்சப்படாமல் கேளுங்கள். மன்னித்தவன் கணக்குக் கேட்கக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்று. "எங்கள் இருவருக்கும் உரியது" என்று எழுதியிருக்கிறீர்கள். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் அவருடைய கணவருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். அப்பச்சியும் இல்லை என்கிறீர்கள். ஆத்தா உயில் எழுதவில்லையென்றால் அந்தச் சாமான்களில் பங்கு மூன்று. உங்கள் கடிதத்தில் தங்கை ஒரே வரியில் வந்து போகிறார், அதுவும் எதுவும் சொல்லாதவராக. அவரிடம் யாராவது கேட்டீர்களா? அண்ணன் உங்களிடம் கேட்கவில்லை என்று இத்தனை காலம் தூங்காமல் இருக்கிறீர்கள். படைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் மதுரைக்கு ஒரு போன் பண்ணி, ஆத்தாவின் சாமானில் எது தனக்கு வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.