எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். மல்யுத்தம் செய்யும் தம்பிக்கு மூன்று வாரமாகியும் மணிக்கட்டு வலி குறையவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் குமரி மாவட்டம் திருவட்டார் பக்கம். தம்பிக்கு 19 வயது, கல்லூரி மல்யுத்த அணியில் இருக்கிறான். பயிற்சியில் எதிராளி தூக்கிப் போட்டபோது வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறான். எக்ஸ்ரே எடுத்து, முறிவு எதுவும் இல்லை, சுளுக்குதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கட்டைவிரல் பக்கத்து வலி மட்டும் போகவில்லை. அடுத்த மாதம் போட்டி. வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போய் எண்ணெய்க் கட்டுப் போடலாமா, அல்லது டேப் சுற்றிக்கொண்டு களத்தில் இறங்கலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். நான் தக்கலைப் பக்கம் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். கபடி, மல்யுத்தம் ஆடும் பிள்ளைகளின் கைகளைத் தொடர்ந்து பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பியைக் கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். விரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். அந்தக் குழியை உங்கள் விரல்நுனியால் மெதுவாக அழுத்துங்கள். மறுகையின் குழியையும் அழுத்திப் பாருங்கள். அடிபட்ட பக்கத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால் படகெலும்பில் முறிவு இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்று அது. மருத்துவர்கள் ஸ்கேபாய்டு என்பார்கள். கையை ஊன்றி விழும்போது உடைகிற சிற்றெலும்பு பெரும்பாலும் இதுதான். உடைந்த அன்றே எடுக்கும் எக்ஸ்ரேயில் கோடு தெரியாமல் போவதும் இதற்கு வழக்கம். அதனால்தான், படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தக் குழியில் வலி இருந்தால், கட்டுப் போட்டு அனுப்பி 10 முதல் 14 நாட்கள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அவசரம் என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சில நாட்களுக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் தம்பியின் விஷயத்தில் அந்த இரண்டாவது படம் எடுக்கப்படவே இல்லை.

சின்ன எலும்புதானே, தானாகக் கூடிவிடாதா என்றால், அங்கேதான் சிக்கல். இந்த எலும்புக்கான இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாக நுழைந்து, முழங்கைப் பக்கத்து முனையை நோக்கிப் பின்னோக்கி ஓடுகிறது. கால்வாயின் நடுவில் உடைப்பு விழுந்தால் கடைமடை வயல் காய்வதைப் போல, எலும்பு தன் நடுப்பகுதியில் உடைந்தால் பின்பாதி இரத்தமில்லாமல் வாட ஆரம்பிக்கும். கூடாமல் விட்டுப்போனால் சில ஆண்டுகளில் மணிக்கட்டு மூட்டே தேய்ந்துவிடும். அப்போது மல்யுத்தத்தை விடுங்கள், கிணற்றில் தண்ணீர் இறைப்பதே பாடாகிவிடும்.

முறிவு உறுதியாகி, எலும்பு இடம் விலகாமல் இருந்தால் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் மாவுக்கட்டு. பின்முனையில் உடைந்திருந்தால் இன்னும் நீளும். விலகியிருந்தாலோ பின்முனையாக இருந்தாலோ, எலும்புக்குள்ளேயே முழுவதும் புதைகிற தலையில்லாத திருகாணி ஒன்றைச் செலுத்தி இறுக்குவார்கள். விளையாட்டு வீரர்களுக்குச் சில நேரம் விலகாத முறிவுக்கும் இதைப் பரிந்துரைப்பதுண்டு. கை மாவுக்கட்டுக்குள் இருக்கும் காலம் குறையும். ஆனால் எலும்பு கூடுவதற்கு அதற்கென்று வேண்டிய காலம் ஆகத்தான் செய்யும். நாட்பட்டுக் கூடாமல் போனவற்றுக்கு இடுப்பெலும்பிலிருந்தோ முன்கை எலும்பிலிருந்தோ சிறிது எடுத்து ஒட்டுவைக்க வேண்டிவரும். புகைப்பழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு கூடுவதை அது வெகுவாகத் தாமதப்படுத்தும்.

வீட்டில் ரப்பர் பால் வெட்டும் வேலை இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம். "பயிற்சிக்குப் போகவில்லை, ஓய்வில்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் கத்தியோடு மரத்துக்கு மரம் போகும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். பட்டையைச் சீவிச் சீவி இழுக்கும் அந்த அசைவு முழுக்க மணிக்கட்டில்தான் விழுகிறது.

ஆசான் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் ஆசான்களைக் குறை சொல்லி எழுதிவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது. எனக்கு அந்த எண்ணமும் இல்லை. இங்கே வர்ம வைத்தியம் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையோடு சேர்ந்தே வளர்ந்தது. அடிக்கக் கற்றுக்கொடுப்பவரே அடிபட்டவனையும் எழுப்பி நடக்கவைப்பார். கட்டுப் பிரித்த பிறகு இறுகிக் கிடக்கும் மூட்டை எண்ணெய் விட்டுத் தளர்த்துவதில் சிலருக்கு இருக்கும் கைப்பக்குவத்தைக் கண்டு நானே வியந்திருக்கிறேன். ஆனால் மயிரிழை அளவு முறிவு எந்தக் கைக்கும் தட்டுப்படாது. உடைந்த எலும்பு இருக்கும் இடத்தைத் தடவி உருவுவதும் ஆகாது. படம் தெளிவாக இருந்து, முறிவில்லை என்று உறுதியான பிறகு போங்கள். யார் போட்ட கட்டாக இருந்தாலும், அது மருத்துவமனை மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல்கள் மரத்துப்போவது, வெளுப்பது அல்லது நீலம் பாரிப்பது, விரலைப் பிறர் நீட்டிவிடும்போது தாங்க முடியாத வலி, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறுக்கத்தில் சில மணி நேரம் இரத்தம் தடைப்பட்டால் முன்கைத் தசைகள் செத்து, கை நிரந்தரமாக மடங்கிப்போகும்.

டேப் சுற்றி இறங்குவது பற்றி. நீரஜ் சோப்ரா 2024-இல் பிரஸ்ஸல்ஸ் டைமண்ட் லீக் இறுதியில் இடது உள்ளங்கை எலும்பு முறிந்த நிலையில் எறிந்து, ஒரே சென்டிமீட்டரில் முதலிடத்தைத் தவறவிட்டார். பையன்கள் இதை உதாரணமாகக் காட்டுவார்கள். அவர் ஈட்டி எறிவது வலக்கையால். மல்யுத்தத்தில் ஓய்வெடுக்கும் கை என்று ஒன்று கிடையாது. பிடிப்பதும் ஊன்றுவதும் இரண்டு கைகளாலும்தான்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பயிற்சிக்கூடங்களில் விரல் காயத்தை யாரும் மதிப்பதே இல்லை. விரல்களை முறுக்குவது விதிப்படி குற்றம். ஆனாலும் பிடி உடைக்கும் அவசரத்தில் விரல் நடுமூட்டு நழுவுவது சாதாரணம். பக்கத்தில் நிற்பவன் இழுத்துவிட்டு "சரியாகிவிட்டது, போ" என்பான். பெரும்பாலும் சரியாகியும் விடும், பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினால் போதும். ஆனால் இந்த நான்கில் ஏதாவது தெரிந்தால் அதே வாரம் மருத்துவரைப் பாருங்கள். எதிராளியின் உடையில் மாட்டி இழுபட்ட பிறகு விரல் நுனி மட்டும் மடங்கவில்லை என்றால் (மோதிரவிரலில்தான் அதிகம்) நாண் அறுந்திருக்கிறது. ஒரு வாரம், பத்து நாளுக்குள் அறுவை செய்தால்தான் நல்ல பலன். நுனி நிமிரவில்லை என்றால் 6 முதல் 8 வாரம் பட்டை வைத்து நேராகவே வைத்திருக்க வேண்டும். குளிக்கும்போது ஒருமுறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கட்டைவிரல் அடிமூட்டின் உள்பக்கம் தளர்ந்து, சாவியைப் பிடித்துத் திருக வலுவில்லை என்றால் பக்கத் தசைநார் கிழிந்திருக்கலாம். முழுவதும் கிழிந்தால் பல நேரம் அறுவைதான். முஷ்டி மடக்கும்போது ஒரு விரல் பக்கத்து விரல்மேல் ஏறினால் எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்திருக்கிறது, அதைக் கட்டித் தேற்ற நினைக்காதீர்கள். வீக்கம் ஏறும் முன் மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுவது எந்தக் காயத்துக்கும் முதல் வேலை. சாமிக் கயிறு என்று தயங்குவார்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

எங்கே போவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவை தேவைப்பட்டால் உதவுமா என்று அங்கேயே கேட்கலாம். பழைய எக்ஸ்ரேயைக் கட்டாயம் கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். கை ஊன்றி விழுந்ததையும், கட்டைவிரல் குழியில் அழுத்தினால் வலிப்பதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். படகெலும்புக்கென்று தனிக்கோணத்தில் எடுக்கும் எக்ஸ்ரே உண்டு, அப்படிச் சொன்னால்தான் அதை எழுதிக் கொடுப்பார்கள். அதுவரை தம்பியின் கட்டைவிரலும் மணிக்கட்டும் அசையாதபடி, மருந்துக்கடையில் கிடைக்கும் கட்டைவிரல் பட்டை ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள்.