மாட்டு டாக்டராக நீட்டும் வேண்டாம், தரகரும் வேண்டாம்

கேள்வி: பாலக்கோட்டுக்கு அருகே எங்கள் ஊர். இரண்டு ஏக்கரில் தக்காளி, மூன்று கறவை மாடுகள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள். பிளஸ் டூவில் உயிரியல் 94, இயற்பியல் 86, வேதியியல் 90. கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். தருமபுரியில் கல்வி ஆலோசகர் ஒருவர், "நீட் எழுதவில்லை, ஆகவே அது கிடைக்காது. 85 ஆயிரம் ரூபாய் கட்டினால் ஓராண்டு கால்நடை மருத்துவ டிப்ளமோவில் சேர்த்துவிடுகிறேன். முடித்ததும் சொந்தமாக வைத்தியம் பார்க்கலாம்" என்கிறார். பள்ளி ஆசிரியரோ சுற்றுச்சூழல் அறிவியலுக்குத்தான் எதிர்காலம் என்கிறார். எதில் சேர்ப்பது?

பதில்: முதலில் அந்த 85 ஆயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். ஆலோசகர் சொன்ன இரண்டுமே தவறு.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு ஏழு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை. இவற்றில் தமிழக மாணவர்களுக்கான இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறார்கள். நீட் தேவைப்படுவது 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும். அதை மறந்துவிடுங்கள். உயிரியல் மதிப்பெண் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேர்ந்து இன்னொரு 100-க்கு. உங்கள் மகளுக்கு 94, 43, 45. ஆக 200-க்கு 182.

பொதுப் போட்டியில் 182 போதாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே முன்வரிசைப் பிள்ளைகள் 200-ஐத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. உங்கள் மகள் நிற்கவேண்டிய வரிசை அதுதான். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதை அந்த ஆலோசகர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்?

இதற்காகப் படித்த பள்ளிகளிலெல்லாம் தலைமையாசிரியரிடம் போனஃபைடு சான்றிதழ் வாங்கவேண்டும். ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு படித்தது என்பது கல்வித்துறையின் கணினியிலேயே இருக்கிறது. இருந்தும் அரசுப் பள்ளியில் படித்ததை அரசுக்கே நிரூபிக்கப் பிள்ளையும் பெற்றோரும் பஸ் ஏறி அலையவேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை. தலைமையாசிரியர் விடுப்பில் போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

இனி அந்த டிப்ளமோ. இதைப் பற்றிப் பேச எனக்கு வயிற்றெரிச்சல் நிறைய உண்டு. அரூர்ப் பக்கம் நான் மாட்டாஸ்பத்திரியில் பணியில் இருந்தபோது, கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்ட ஒரு பசுவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பால் காய்ச்சல். ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வருவது. கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால் மாடு கண்முன்னே எழுந்து நிற்கும். நான் போய்ச் சேர்வதற்குள், இப்படி ஒரு டிப்ளமோ முடித்த பையன் பாட்டில் முழுவதையும் சரசரவென்று ஏற்றியிருந்தான். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. பசு செத்துக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் அழவில்லை, கன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. அவன் அப்பாவும் கடன் வாங்கித்தான் அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்திருந்தார்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984, பிரிவு 30. பட்டம் பெற்றுக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே கால்நடை மருத்துவம் பார்க்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, டிப்ளமோ கடைக்காரர்கள் தொங்கிக்கொண்டிருப்பது அந்த நூலில்தான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தடுப்பூசி போடுவது, காயடிப்பது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது போன்றவற்றைச் சட்டம் 'சிறு கால்நடை மருத்துவச் சேவை' என்கிறது. இவற்றை மருத்துவர் அல்லாதவரும் செய்யலாம். எப்போது? ஒன்று, கால்நடைத் துறையோ கால்நடை மருத்துவ நிறுவனமோ கொடுத்த உரிய சான்றிதழ் இருக்கவேண்டும். இரண்டு, மாநில அரசு ஆணை பிறப்பித்து அனுமதித்திருக்கவேண்டும். மூன்று, பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யவேண்டும். மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். முதலாவதை மட்டும் கையில் காட்டி, அதிலும் 'நிறுவனம்' என்று ஒரு பெயர்ப்பலகையை மாட்டி, மற்ற இரண்டையும் விழுங்கிவிடுவதுதான் இவர்கள் வித்தை. 'சொந்தமாக வைத்தியம் பார்க்கலாம்' என்பதற்கு அந்தப் பிரிவில் ஓர் எழுத்துகூட இடமில்லை.

"கால்நடை ஆய்வாளர் வேலைக்கு இந்த டிப்ளமோ உதவும்" என்று அடுத்த தூண்டில் போடுவார். அந்த வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது கால்நடைப் பராமரிப்புத் துறைதான். தனியாரிடம் பணம் கட்டிப் படித்தவருக்கு அங்கே தனி வரிசை இல்லை.

அதற்கும் மசியாவிட்டால், வெளிமாநிலத்தில் பட்டப்படிப்புக்கே இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பார். கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயரை உங்கள் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 'அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்பது அனுமதி ஆகாது.

சுற்றுச்சூழல் அறிவியலைப் பற்றி ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். இந்த மாவட்டங்களில் அதற்கு வேலை இல்லாமலும் இல்லை. ஆண்டுதோறும் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிக்கு இறங்கி வருகிறது; ராகி வயலில் கால் வைக்கிறது. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. ஆட்கள் தேவைதான். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேரவேண்டும். இந்திய வனப் பணித் தேர்வு எழுத விலங்கியல், தாவரவியல், வேதியியல், கால்நடை மருத்துவம் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் ஒன்றையாவது பட்டப்படிப்பில் படித்திருக்கவேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். அந்தப் பட்டியலில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்ற பெயர் இல்லை. ஏன் இல்லை என்று என்னைக் கேட்காதீர்கள், பட்டியல் போட்டவர்களைத்தான் கேட்கவேண்டும். காட்டுப் பக்கம் மனம் போனால் இளநிலையில் விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு, முதுநிலையில் சுற்றுச்சூழலுக்கோ வன உயிரியலுக்கோ போகட்டும். மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலில் வன உயிரியல் முதுநிலை இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நேராக வனவியலே படிக்கலாம். கால்நடை மருத்துவம் படித்தவருக்கும் காட்டின் கதவு திறந்துதான் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு என் வரிசை இது. முதலில் கால்நடை மருத்துவம், 7.5 சதவீத ஒதுக்கீட்டில். நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அதோடு, ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இதே பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இருக்கிறது. அதன் நான்காண்டு பி.டெக். படிப்புக்கும் தனியாக விண்ணப்பித்து வையுங்கள். அது மருத்துவப் பட்டம் அல்ல, ஊசி பிடிக்க முடியாது. கோழிப் பண்ணை, தீவன ஆலை, குஞ்சு பொரிப்பகம் என்று வேலை போகும். இரண்டும் கிடைக்காவிட்டால் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல். அதற்குக் காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

அரசு வேலை உடனே கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு 2019-இல் 1,141 இடங்களுக்குத் தேர்வாணையம் அறிவிப்பு விட்டது. அவ்வளவு இடங்கள் ஒரே நேரத்தில் எப்படிச் சேர்ந்தன? ஆண்டுதோறும் நிரப்பாமல் விட்டதால்தான். அந்த இடைவெளியில்தான் கிராமத்தில் போலி ஊசிக்காரர்கள் வளர்ந்தார்கள். பட்டத்தோடு காத்திருக்கவும் நேரலாம். அதுவரை பால் பண்ணைகளும் தனியார் மருத்துவமும் இருக்கின்றன.

விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் மட்டும் போடுங்கள். வீட்டில் வசதி இல்லையென்றால் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஆனால் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணும் பாஸ்வேர்டும் உங்கள் மகளிடமே இருக்கட்டும். அந்த ஆலோசகரிடம் 'சரிபார்க்க' என்று அசல் மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்திருந்தால் நாளைக் காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள். கொடுக்க மறுத்தால் அங்கே நின்று வாதாடவேண்டாம், நேராகக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். கலந்தாய்வு நாளில் அசல் கையில் இல்லாமல் அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.