ஏற்காட்டில் காபிச் செடிக்கு டிஏபி (மணிச்சத்து உரம்) போட்டும் தேறவில்லை. வேர் குட்டையாக, தடித்து இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் மண்ணின் புளிப்புதான் காரணம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது இருக்கிறது. மண்ணில் அலுமினியத்துக்குப் பஞ்சமில்லை. பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறைந்தால் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரைந்து வேர்நுனியைக் கருக்கும். போட்ட மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டை மூட்டையாக டிஏபி போட்டாலும் செடிக்குப் போய்ச் சேராது. மண்புழுவும் பாக்டீரியாவும் குறைவதால் விழுந்த இலையும் மெதுவாகத்தான் மட்கும்.

முதலில் மண் பரிசோதனை. பத்துப் பதினைந்து இடங்களில் சருகை விலக்கி, 'வி' வடிவில் முக்கால் அடி ஆழம் வெட்டி, ஓரத்தைச் சீவி எடுங்கள். கலந்து, கால்பங்கீடு செய்து (நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்து), அரை கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். சமீபத்தில் உரம் போட்ட இடத்தில் எடுத்தால் முடிவு பொய்யாகும்.

புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு போட வேண்டும்; எவ்வளவு என்பதைப் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும். ஈரமான மண்ணில், தண்டை ஒட்டாமல், செடியின் கிளைகள் விரிந்த பரப்புக்குக் கீழே தூவி லேசாகக் கிளறுங்கள். யூரியாவை உடனே போடாதீர்கள், அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூன்று நான்கு வாரம் போகட்டும்.

மலைக்குக் கீழே சேலத்துக்காரர் சுண்ணாம்பு வேண்டாம் என்று சொன்னால், அதை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே மேக்னசைட் என்ற தாது வெட்டும் பக்கம் மண் காரத்தன்மை கொண்டது, அங்கே சுண்ணாம்பு கெடுதல்தான்.