வெள்ளம் புகுந்த கிணறு: பிளீச்சிங் பவுடர் போட்டும் குளோரின் காட்டவில்லையா?

இன்னும் பவுடரைக் கொட்டாதீர்கள், முதலில் சேற்றை எடுங்கள். இரண்டு முறை போட்டும் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் கலங்கல்தான் காரணம். சேறும் அழுகிய இலைதழையும் குளோரினைத் தின்றுவிடும்.

பவுடரையும் பாருங்கள். கட்டி தட்டி, மூக்கில் ஏறும் நெடி இல்லாமல் இருந்தால் வீரியம் போய்விட்டது. புது மூட்டை கேளுங்கள்.

1. மிதப்பதை அள்ளி, கலங்கல் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். சுற்றுமண் ஊறியிருக்கும்போது ஒட்ட இறைத்தால் உறை சரியும். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அந்தப் புகை உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடும்.

2. விட்டம் 2 மீட்டர், நீர் ஆழம் 5 மீட்டர் என்றால் சுமார் 15,700 லிட்டர். தெளிந்த நீருக்கே 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் வேண்டும். வெள்ளநீருக்கு இரட்டிப்பாக, 80 கிராமில் தொடங்குங்கள்.

3. வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, நீருக்கடியில் இறக்கிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம்.

4. ஒரு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள், மறுநாள் அல்ல. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்டும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

டீசல், பூச்சிமருந்து கலந்திருந்தால் குளோரினால் பயனில்லை. ஆய்வகச் சோதனை வரும்வரை அந்த ஊருக்கு லாரித் தண்ணீர்தான்.